பட்டத்திற்குப் பின்னும் பாடம்: வாய் நோயியலில் தொடர்கல்வி

ஒருமுறை பெற்ற பட்டம் வாழ்நாள் முழுமைக்கும் போதுமானதா? இவ்வினாவை எத்துறையினரும் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ளுதல் நன்று. மருத்துவத் துறையினரோ கேட்டே ஆகவேண்டும். ஏனெனில் அவர்தம் அறியாமைக்கு விலை கொடுப்பவர் பிறர். பல் மருத்துவர்க்கு, அதிலும் வாய் நோயியலில், தொடர்கல்வி ஏன் இன்றியமையாதது என்பதை இங்குக் காண்போம்.

பல் மருத்துவர் என்றதும் பல்லைப் பிடுங்குபவர், அடைப்பவர், கட்டுபவர் என்றே நாம் எண்ணுகிறோம். ஆனால் அவர் நாள்தோறும் காண்பது பல்லை மட்டுமன்று. கன்னத்தின் உட்புறம், நாக்கு, நாக்கின் அடிப்பகுதி, மேலண்ணம் ஆகிய அனைத்தும் அவர் கண்முன் விரிகின்றன. இப்பகுதிகளிலும் தாடையிலும் தோன்றும் நோய்களின் காரணத்தையும், திசுக்களில் அவை விளைவிக்கும் மாற்றங்களையும் ஆராய்வதே வாய் நோயியல். இந்திய ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய்களுள் வாய்ப்புற்று முதன்மையான ஒன்று. அது பெரும்பாலும் வலியற்ற சிறு திட்டாகவோ ஆறாத புண்ணாகவோ தொடங்குகிறது. வலியில்லாததால் அதற்கென எவரும் மருத்துவரை நாடுவதில்லை. பல்வலிக்காக வருபவரின் வாயில், அவரே அறியாத அத்திட்டை முதலில் காணும் வாய்ப்பு பல் மருத்துவர்க்கே உண்டு. அவர் கண்டும் அறியாது விட்டால் நோயாளி இழப்பது உயிரையே ஆகலாம்.

முன்னோடியின் நோக்கு

இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை 1920ஆம் ஆண்டு கல்கத்தாவில் நிறுவியவர் டாக்டர் ரஃபியுத்தீன் அகமது. அவர் கல்லூரி கண்டதோடு அமையவில்லை. 1925இல் பல் மருத்துவத்திற்கென ஓர் இதழையும் தொடங்கினார். வகுப்பறையை விட்டு வெளியேறியவர்க்கும் கல்வி தொடரவேண்டும் என்னும் கருத்து, நம் நாட்டுப் பல் மருத்துவக் கல்வியின் தொட்டிலிலேயே இருந்தது என்பதற்கு இது சான்றாகும்.

மாறிவரும் அறிவு

தொடர்கல்வியின் தேவையை உணர்த்த இரண்டு எடுத்துக்காட்டுகள் போதும்.

தாடையெலும்பில் தோன்றும் கெரட்டோசிஸ்ட் என்பது ஒன்று. நீண்டகாலம் பைக்கட்டியாகக் கருதப்பட்ட இதனை, உலக நலவாழ்வு நிறுவனத்தின் 2005ஆம் ஆண்டு வகைப்பாடு கழலையினத்தில் சேர்த்தது. 2017ஆம் ஆண்டு வகைப்பாடோ மீண்டும் பைக்கட்டி என்றே கொண்டது. 2000இல் பட்டம் பெற்றவர் படித்தது ஒன்று. 2010இல் பெற்றவர் படித்தது மற்றொன்று. 2020இல் பெற்றவர் படித்தது மீண்டும் முதலாவது. அகற்றிய பின்னும் திரும்பத் தோன்றும் இயல்புடைய இந்நோய்க்கு எவ்வகை அறுவை ஏற்றது, எத்தனை காலம் கண்காணிப்பது என்பன பற்றிய சிந்தனையும் இவ்வாதத்தோடு பிணைந்தது. ஆதலின் இதனை வெறும் பெயர் மாற்றம் என ஒதுக்க இயலாது.

மற்றொன்று நம் தாம்பூலத் தட்டிலேயே உள்ளது. பாக்கு மெல்லுவோரின் வாய்ச் சளிச்சவ்வுக்கு அடியில் உள்ள திசு நார்போல் இறுகி, வாய் திறப்பதே அரிதாகும் நோயை 1952இல் ஷ்வார்ட்ஸ் என்பவர் விவரித்தார். கென்யாவில் வாழ்ந்த இந்தியப் பெண்கள் ஐவரிடம் அவர் அதனைக் கண்டார். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, 1985இல் புகையிலை சேர்ந்த வெற்றிலைப் பாக்கு புற்றுநோய் விளைப்பது என்று உறுதி செய்தது. புகையிலை சேராததற்குச் சான்று போதாது என்றது. 2004இல் வெளியான அதன் மதிப்பீடோ, புகையிலை சேராத வெற்றிலைப் பாக்கும், பாக்கு மட்டுமேயும் புற்றுநோய் விளைப்பனவே என்று அறிவித்தது. "வெறும் பாக்குத்தானே!" என்னும் நம் வீட்டுப் பெரியவர்களின் ஆறுதலுக்கு அன்றே அடிப்படை இல்லாதொழிந்தது. பழைய பாடத்தோடு நின்றுவிட்ட மருத்துவரும் அதே ஆறுதலைக் கூறினால், அதன் விளைவு என்னாகும்?

எத்தகைய கல்வி?

தொடர்கல்வி என்பது ஒருநாள் உரை கேட்டு, உண்டு, சான்றிதழும் புள்ளியும் பெற்றுத் திரும்புவதாகச் சில இடங்களில் சுருங்கிவிடுகின்றது. உண்மையான தொடர்கல்வி கண்ணையும் கையையும் பழக்குவதாகும்.

பல்வலிக்காக வந்தவராயினும் வாய் முழுவதையும் பார்ப்பது முதற்பாடம். வெண்திட்டைவிடச் செந்திட்டே பெரிதும் அஞ்சத்தக்கது என்பதை அறிவது இரண்டாவது. புண்ணுக்குக் காரணமான கூரிய பல்லைச் சீர்செய்த பின்னும் இரண்டு வாரங்களில் அது ஆறாவிடில், மேலும் மருந்து தடவிக் காலம் கழிக்காமல் திசுவெடுத்துச் சோதிப்பது மூன்றாவது. எடுக்கும் முறையும் கற்கத்தக்கதே. ஐயத்திற்குரிய பகுதியில் தக்க இடத்தைத் தேர்ந்து, திசு நசுங்காது எடுத்து, தண்ணீரில் இடாமல் உடனே பத்து விழுக்காட்டு ஃபார்மலின் கரைசலில் இட்டு, நோயாளியின் வரலாற்றோடு அனுப்பவேண்டும். இவற்றுள் ஒன்று தவறினும் நுண்ணோக்கி உண்மையைக் காட்டாது போகலாம்.

அறிக்கை வந்தபின் தம் கணிப்பையும் சோதனை முடிவையும் அருகருகே வைத்து, எங்கே பிழைத்தோம் என ஆராய்தலே இக்கல்வியின் உச்சம் எனலாம். ஊர்விட்டு ஊர் செல்ல இயலாத சிற்றூர் மருத்துவர்க்கும், திசு வில்லைகளைக் கணினித் திரையில் கண்டு கற்கும் வசதி இன்று வாய்த்துள்ளது.

பழகிய கண்ணின் ஆற்றலுக்குத் திருவனந்தபுரம் மாவட்டம் சான்று பகர்கின்றது. அங்கு 1996 முதல் நடந்த ஆய்வில், பயிற்சி பெற்ற நலப்பணியாளர்கள் மக்களின் வாயை வெறுங்கண்ணால் பார்த்துச் சோதித்தனர். 2005இல் வெளியான முடிவின்படி, புகையிலையோ மதுவோ பழகியவரிடையே வாய்ப்புற்றால் நேரும் இறப்பு, சோதனை நடந்த பகுதிகளில் 34 விழுக்காடு குறைந்திருந்தது. அங்கே உயிர்காத்தது விலையுயர்ந்த கருவியன்று. முறையாகப் பயின்ற பார்வையே.

இதில் நமக்கும் பங்குண்டு. அடுத்தமுறை பல் மருத்துவரிடம் செல்லுங்கால், "வாய் முழுவதையும் பார்த்துச் சொல்லுங்கள், ஐயா" என்று கேட்போம். இரண்டு வாரம் கடந்தும் ஆறாத புண்ணைக் கைவைத்தியத்திற்கு விட்டுவையாதிருப்போம். மருத்துவம் பயிலச் செல்லும் நம் மாணவர்கள், பட்டம் பெறும் நாளில் கல்வி முடிவதில்லை என்பதை இன்றே நெஞ்சில் நிறுத்திக்கொள்வார்களாக!