பிள்ளைக்குக் கேமிங் கம்ப்யூட்டர்: குறைந்த செலவில் தேர்ந்தெடுப்பது எப்படி?

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்து கோடை விடுமுறை தொடங்கியதும் நம் வீடுகளில் ஒரு கோரிக்கை எழுவது வழக்கமாகிவிட்டது. "அப்பா, கேமிங் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுங்கள்" என்பதுதான் அது. கேட்டவுடன் தந்தைக்கு இரண்டு கவலைகள் வருகின்றன. படிப்பு கெட்டுவிடுமோ என்பது ஒன்று. கடையில் ஏமாந்துவிடுவோமோ என்பது மற்றொன்று. திருப்பதியிலும் சித்தூரிலும் நம்மவர் சிலருக்குக் கம்ப்யூட்டர் பாகங்களைத் தேர்ந்தெடுக்க உதவி வருகிறவன் என்ற முறையில், இரண்டாவது கவலையைப் பற்றி விளக்கமாகவும், முதலாவதைப் பற்றி முடிவில் சுருக்கமாகவும் எழுதுகிறேன்.

வீட்டு வாடகையும் கொடுத்து, ஊரில் இருக்கும் பெரியவர்களுக்கும் பணம் அனுப்பும் குடும்பத்துக்கு ஐம்பது, அறுபதாயிரம் ரூபாய் என்பது சிறிய தொகை அல்ல. வாங்கும் பொருள் ஐந்தாண்டுகளாவது உழைக்க வேண்டும். கடையில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கும் பாகம் ஒன்று. விளையாட்டுக்கு உண்மையில் உழைக்கும் பாகம் வேறொன்று. இந்த வேறுபாடு தெரிந்தால் பணம் வீணாகாது.

முதலில் கேட்க வேண்டியவை

"எந்த விளையாட்டு?" என்று பிள்ளையைக் கேளுங்கள். வேலரன்ட், மைன்கிராஃப்ட் போன்றவை எளிய இயந்திரத்திலேயே ஓடும். 2013-இல் வந்த ஜி.டி.ஏ. 5 நடுத்தர ரகம். கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் வந்த பெரிய விளையாட்டுகளுக்குத் தனி கிராபிக்ஸ் கார்டு கட்டாயம் வேண்டும். ஒவ்வொரு விளையாட்டுக்கும் குறைந்தபட்சத் தேவை, பரிந்துரைக்கப்படும் தேவை என்று இரண்டு பட்டியலை அதைத் தயாரித்தவர்களே வெளியிடுகிறார்கள். அவற்றைப் பிள்ளையையே ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

அடுத்து, வரும் இரண்டு ஆண்டுகள் பிள்ளை எங்கே இருப்பான்? ஆந்திராவில் இன்டர்மீடியட் என்றால் பலரும் விடுதியுடன் கூடிய கல்லூரியில்தான் சேர்க்கிறோம். பிள்ளை விடுதிக்குப் போய்விட்டால் மேசைக் கம்ப்யூட்டர் வீட்டில் தூசி படிந்து கிடக்கும். அப்படியானால் வாங்குவதை இரண்டு ஆண்டு தள்ளிப் போடுவதே சிக்கனம்.

வீட்டிலிருந்து படிக்கிற பிள்ளைக்கு லேப்டாப்பைவிட மேசைக் கம்ப்யூட்டரே நல்லது. லேப்டாப்பில் கிராபிக்ஸ் பாகத்தைப் பெரும்பாலும் மாற்ற முடியாது. மேசைக் கம்ப்யூட்டரில் இந்த ஆண்டு ஒரு பாகம், அடுத்த ஆண்டு ஒரு பாகம் என்று வசதிக்கேற்பச் சேர்த்துக்கொள்ளலாம்.

உள்ளே நடப்பது என்ன?

சாதாரண மானிட்டரின் திரையில் குறுக்கே 1920, நெடுக்கே 1080 என்று மொத்தம் 20,73,600 புள்ளிகள் உள்ளன. ஆட்டம் தடங்கலின்றித் தெரிய நொடிக்கு 60 படமாவது வர வேண்டும். அதாவது நொடிக்குப் பன்னிரண்டு கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகளுக்கு வண்ணம் தீட்ட வேண்டும். இந்த வேலையைச் செய்வது கிராபிக்ஸ் கார்டு. பந்து எங்கே விழுந்தது, எதிரி எந்தப் பக்கம் ஓடினான் என்று கணக்குப் போடுவது பிராசஸர். அந்தக் கணக்குக்கு வேண்டியவற்றைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருப்பது ராம். விளையாட்டு முழுவதையும் சேமித்து வைக்கும் கிடங்கு எஸ்.எஸ்.டி.

4கே திரையில் புள்ளிகள் இதைப்போல நான்கு மடங்கு. ஆகவே சிக்கனமாக வாங்குகிறவர்கள் 4கே பக்கம் போகாமல் 1080 ரகத்திலேயே நின்றுவிட வேண்டும். வீட்டில் மானிட்டர் இருந்தால் முதல் ஆண்டு அதையே பயன்படுத்துங்கள்.

இரண்டு வழிகள்

முதல் வழி, கிராபிக்ஸ் உள்ளேயே அமைந்த பிராசஸர். 2021-இல் வந்த ரைசன் 5 5600ஜி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தனிக் கார்டு இல்லாமலேயே வேலரன்ட், மைன்கிராஃப்ட் நன்றாக ஓடும், ஜி.டி.ஏ. 5 படத்தின் தரத்தைக் குறைத்து வைத்தால் ஓடும். பிற்பாடு பணம் சேரும்போது தனிக் கார்டைச் சேர்த்துக்கொள்ளலாம். இந்த வழியில் போகிறவர்கள் 16 ஜிபி ராமை ஒரே துண்டாக வாங்காமல் 8 ஜிபி துண்டு இரண்டாக வாங்க வேண்டும். கிராபிக்ஸும் ராமையே பயன்படுத்துவதால், இரண்டு பாதை திறந்திருந்தால் வேகம் நன்றாகக் கூடும்.

இரண்டாவது வழி, தனி கிராபிக்ஸ் கார்டு. 2022-இல் வந்த இன்டெல் ஐ5-12400எஃப் பிராசஸரும், 2021-இல் வந்த ஆர்.எக்ஸ். 6600 கார்டும் சிக்கனக் கணக்குக்குப் பெயர்பெற்ற இணை. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. இன்டெல் பெயரின் முடிவில் 'எஃப்' இருந்தால் அந்தப் பிராசஸருக்குள் கிராபிக்ஸ் இல்லை என்று பொருள். கார்டைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று 'எஃப்' வாங்கி வந்தால் திரையில் படமே வராது.

பணத்தைப் பங்கிடுவது

விலைகள் நிலையாக இருப்பதில்லை. 2025 இறுதியில் செயற்கை நுண்ணறிவு நிலையங்களுக்கு நினைவகச் சில்லுகள் பெருமளவில் போகத் தொடங்கியதால் ராம் விலை வெகுவாக ஏறியது. ஆகவே ரூபாயாகச் சொல்லாமல் பங்காகச் சொல்கிறேன்.

இரண்டாவது வழியில் மானிட்டர் நீங்கலாக 60,000 ரூபாய் கையில் இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். அதில் மூன்றில் ஒரு பங்கு கிராபிக்ஸ் கார்டுக்கு. ஆறில் ஒரு பங்கு பிராசஸருக்கு. மீதிப் பாதியில் மதர்போர்டு, ராம், எஸ்.எஸ்.டி., எஸ்.எம்.பி.எஸ்., கேபினெட் அனைத்தும் அடங்க வேண்டும். கடைக்காரர் தரும் பட்டியலில் பிராசஸரின் விலை கார்டின் விலையைவிட அதிகமாக இருந்தால், அது விளையாட்டுக்காகப் போட்ட பட்டியல் அல்ல. கேபினெட்டில் வண்ண விளக்குகள் வேண்டுமென்று பிள்ளை கேட்பான். விளக்கு எரிவதால் ஆட்டத்தின் வேகம் கூடாது என்று எடுத்துச் சொல்லுங்கள். எஸ்.எஸ்.டி. 500 ஜிபியாவது வேண்டும். சில விளையாட்டுகள் ஒவ்வொன்றும் 100 ஜிபியை விழுங்கிவிடும்.

'ஐ7' என்ற மாயம்

சித்தூரில் ஓர் அன்பர் மகனுக்காகப் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கிவிட்டு என்னை அழைத்தார். "ஐ7 சார், 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, பாதி விலைக்குக் கிடைத்தது" என்றார். போய்ப் பார்த்தால் உள்ளே இருந்தது ஐ7-3770. அது 2012-இல் வந்த மூன்றாம் தலைமுறைப் பிராசஸர். கார்டோ 2014-இல் வந்த ஜி.டி. 730. பையன் ஆசையாகக் கேட்ட விளையாட்டு அதில் திறக்கவே இல்லை. தந்தையின் மனம் நோகக் கூடாது என்று "பரவாயில்லை அப்பா, பழைய விளையாட்டு ஆடிக்கொள்கிறேன்" என்று அவன் சொன்னதுதான் எனக்கு வருத்தமாக இருந்தது. கடைக்காரர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை.

இன்டெல் பெயரில் ஐ3, ஐ5, ஐ7 என்பதைவிட, அதற்குப் பின்னால் வரும் எண்ணைப் பார்ப்பது முக்கியம். ஐ7-3770 என்றால் மூன்றாம் தலைமுறை. ஐ5-12400 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை. 2022-இல் வந்த ஐ3-12100 பெயரில் சிறியது. ஆனால் அந்தப் பழைய ஐ7-ஐ வேகத்தில் எளிதாக முந்திவிடும். மேலும் விண்டோஸ் 10-க்கு வழக்கமான இலவசப் பாதுகாப்பு மேம்பாடுகள் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டன. விண்டோஸ் 11-ஐ முறைப்படி ஏற்க இன்டெல் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியது வேண்டும். ஆகவே பழையது வாங்கினாலும் எட்டாம் தலைமுறைக்குக் கீழே போக வேண்டாம்.

கிராபிக்ஸ் கார்டில் '4 ஜிபி' என்பது அதன் நினைவகத்தின் அளவு மட்டுமே, வேகம் அல்ல. 2019-இல் வந்த ஜி.டி.எக்ஸ். 1650-உம் 4 ஜிபிதான்; ஜி.டி. 730-இலும் 4 ஜிபி உண்டு. இரண்டுக்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு.

பழைய கார்டு வாங்குகிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. எத்தீரியம் என்ற இணைய நாணயத்தை உருவாக்க இரவு பகலாக ஓடிய கார்டுகள் ஏராளம். 2022 செப்டம்பரில் அந்த முறை மாறியபின் அவற்றில் பல பழைய சந்தைக்கு வந்தன. பணம் கொடுக்கும் முன், கடையிலேயே அரை மணி நேரம் ஒரு பெரிய விளையாட்டை ஓட்டிப் பாருங்கள். ஜி.பி.யூ-இசட் என்ற இலவச மென்பொருள் கார்டின் உண்மையான பெயரைக் காட்டிவிடும். போலியாகப் பெயர் மாற்றிய கார்டுகளைக் கண்டுபிடிக்க உதவும்.

மின்சாரமும் வெயிலும்

எஸ்.எம்.பி.எஸ். என்பது வீட்டு மின்சாரத்தைப் பாகங்களுக்கேற்ப மாற்றித் தரும் பெட்டி. கேபினெட்டுடன் சேர்த்துக் கொடுக்கும் பெயர் தெரியாத எஸ்.எம்.பி.எஸ். வேண்டாம். அது கெட்டால் தன்னோடு கார்டையும் மதர்போர்டையும் சேர்த்துக் கெடுத்துவிடக்கூடும். யானை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்ப்பது போலாகும். மேலே சொன்ன இணைக்கு '80 பிளஸ்' தரச்சான்று பெற்ற 500 அல்லது 550 வாட் போதும்.

யு.பி.எஸ். வாங்கும்போது 600 வி.ஏ. என்பதை 600 வாட் என்று எண்ணிவிடாதீர்கள். பெரும்பாலும் அது 360 வாட்தான் தாங்கும். விளையாடும்போது இந்தக் கம்ப்யூட்டர் மானிட்டரோடு சேர்ந்து 300 வாட் வரை இழுக்கலாம். 1000 வி.ஏ. இருந்தால் நிம்மதியாக அணைக்க நேரம் கிடைக்கும். மின் கட்டணத்துக்கு அஞ்ச வேண்டாம். நாளைக்கு இரண்டு மணி நேரம் ஆடினால் மாதம் சுமார் 18 யூனிட் ஆகும்.

மே மாதத்தில் நம் பகுதியில் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது உண்டு. கேபினெட்டின் முன்புறம் காற்று உள்ளே போகும் வலைத் துளைகள் இருக்க வேண்டும். முழுக்கக் கண்ணாடியாக இருந்தால் உள்ளே வெப்பம் தேங்கும். பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே செருகி வைக்காதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தூசி தட்டுங்கள்.

எங்கே வாங்கலாம்?

சென்னையில் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவை நம்மவர் பலரும் நாடுகிறார்கள். திருப்பதியிலிருந்தும் சித்தூரிலிருந்தும் ஏறத்தாழ 150 கிலோமீட்டர்தான். ஞாயிறன்று பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். வேலை நாளில் போங்கள். உள்ளூர்க் கடையிலும் அதே பட்டியலுக்கு விலை கேட்டுக்கொண்டு போவது நலம். இரண்டாயிரம் ரூபாய் வேறுபாட்டுக்காகச் சென்னைக்குப் போனால், பழுது வந்தால் மறுபடியும் போக வேண்டியிருக்கும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

எங்கே வாங்கினாலும் ஜி.எஸ்.டி. பில்லும், அதில் ஒவ்வொரு பாகத்தின் வரிசை எண்ணும் வேண்டும். "பில் இல்லாமல் 18 சதவீதம் மிச்சம்" என்பார்கள். பில் இல்லையென்றால் உத்தரவாதம் கேட்கப் போகும்போது கையில் ஆதாரம் இருக்காது. பேருந்திலோ ரயிலிலோ கொண்டு வந்தால் கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி அதன் டப்பாவில் தனியே எடுத்து வாருங்கள். குலுக்கலில் கார்டின் எடையே மதர்போர்டின் இணைப்பைப் பெயர்த்துவிடும்.

படிப்பு?

இப்போது முதல் கவலைக்கு வருகிறேன். விளையாட்டுக்கென வாங்கிய இதே இயந்திரத்தில் புரோகிராம் எழுதலாம், படம் வரையலாம், வீடியோ தொகுக்கலாம். கம்ப்யூட்டரைக் கூடத்தில் வையுங்கள். கதவைச் சாத்திக்கொள்ளும் அறையில் வேண்டாம். விண்டோஸிலேயே பிள்ளைக்குத் தனிக் கணக்கு தொடங்கி, நாளுக்கு இத்தனை மணி நேரம் என்று வரையறுக்கும் வசதி இருக்கிறது. நேரத்தைப் பிள்ளையோடு பேசி முடிவு செய்யுங்கள். விளையாட்டின் வயது வரம்பையும் பாருங்கள். மேலே சொன்ன ஜி.டி.ஏ. 5 ஐரோப்பியத் தர வரிசையில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது. அதைப் பிள்ளைகள் வெளிப்படையாகச் சொல்ல மாட்டார்கள்.

பணம் கட்டி ஆடும் ஆன்லைன் சூதாட்டம் வேறு, இந்த விளையாட்டுகள் வேறு. ஆந்திர அரசு 2020-இலேயே அத்தகைய சூதாட்டத்தைத் தடை செய்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கு எதிராகச் சட்டம் இயற்றியது. ஆயினும் சாதாரண விளையாட்டுகளுக்குள்ளேயே ஆடை, ஆயுதம் என்று காசுக்கு விற்பார்கள். ஆகவே உங்கள் வங்கி அட்டை எண்ணை அந்தக் கம்ப்யூட்டரில் சேமித்து வைக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. கடைக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். நம் வீட்டுப் பெரியவர்களில் சிலருக்குத் தெலுங்கு இன்னும் தட்டுத் தடுமாறித்தான் வருகிறது. பிள்ளைகளோ சரளமாகப் பேசுகிறார்கள். பேரத்தை அவன் பேசட்டும். கணக்கை நீங்கள் பாருங்கள். மூன்று கடைகளின் விலைப் பட்டியலை எழுதிக்கொண்டு, பணம் கட்டும் முன் நம் சங்கக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகச் சேர்ந்து பார்த்துவிடலாம்.