இது எத்தனையாவது கர்ப்பம்?

ஜேர்மனியில் கருவுற்ற பெண்ணொருத்தி முதன்முதலாக மகப்பேற்று வைத்தியரிடம் போகும்போது கேட்கப்படும் கேள்விகளில் ஒன்று, 'இது எத்தனையாவது கர்ப்பம்?' என்பது. எத்தனையாவது பிள்ளை என்பதல்ல. அது அடுத்த கேள்வி. கலைந்தது, கலைத்தது, செத்துப் பிறந்தது, பிறந்து செத்தது யாவும் முதற் கேள்விக்குள் அடங்கும். பதில்கள் 'முற்றர்பாஸ்' எனப்படும் சிறு புத்தகத்தில் எழுதப்படுகின்றன. அறுபதுகளிலிருந்து இந்நாட்டுக் கர்ப்பிணிகள் கைப்பையில் காவித் திரியும் புத்தகம் அது. அதன் முதற் பக்கங்களைப் பார்த்தே ஒரு கர்ப்பம் ஆபத்துக் கூடியதா என்று தீர்மானிக்கப்படுகிறது. ஆக, ஒரு பெண்ணுக்குக் கிடைக்கப்போகும் வைத்தியம் அவள் சொல்லும் கதையில்தான் தொடங்குகிறது.

நமது பெண்கள் விடயத்தில் அந்தக் கதையைச் சொல்பவர் யார்?

அநேகமாகக் கணவர். இல்லாவிட்டால் கணவரின் தமையன், அல்லது பள்ளிக்கூடத்தில் டொச் படித்த பத்து வயதுப் பிள்ளை. மொழி தெரியாத பெண்களுடன் பல வருடங்களாக வைத்தியசாலைகளுக்குப் போய்வருகிறேன். ஒருமுறை இரவு பதினொரு மணிக்கு அழைக்கப்பட்டேன். 26வது கிழமையில் நோவு கண்டிருந்த பெண். அவளது புத்தகத்தில் 'முதற் கர்ப்பம்' என்றிருந்தது. கணவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுத் தாதி மறுபடி கேட்டார். நான் தமிழில் கேட்டேன். ஏஜென்சிக்காரனுக்காகக் கொழும்பு லொட்ஜில் காத்திருந்த காலத்தில் ஐந்தாம் மாதத்தில் ஒன்று போனது என்றாள். கணவர் பொய் சொல்லவில்லை. அவரது கணக்கில் பிறக்காதது பிள்ளையில்லை. ஆகவே இதுதான் முதற் பிள்ளை. 'கர்ப்பம்' என்ற சொல் அவரது வாயில் 'பிள்ளை' ஆகிவிட்டது. ஒரு சொல்தான்.

அந்தச் சொல்லின் விலை என்னவென்று விளக்கவேண்டும். முன்னர் ஐந்தாம் ஆறாம் மாதங்களில் கருவை இழந்தவளுக்கும், குறைமாதத்தில் பெற்றவளுக்கும் அது மறுபடி நேரும் ஆபத்து மற்றவர்களைவிடக் கூட. இது தெரிந்தால் ஏறக்குறைய 16வது கிழமையிலிருந்து கருப்பைக் கழுத்தின் நீளத்தைத் திரும்பத் திரும்ப அளப்பார்கள். 24வது கிழமைக்கு முன் அது 25 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் புறொஜெஸ்ரரோன் மாத்திரையை இரவில் யோனிக்குள் வைக்கக் கொடுப்பார்கள். சிலருக்குக் கழுத்தைச் சுற்றித் தையல் போடுவார்கள். எல்லோருக்கும் இவை பலிக்கும் என்றில்லை. ஆனால் பலிக்கக்கூடிய காலம் குறுகியது. 26வது கிழமையில் நோவுடன் வந்தவளுக்கு அது கடந்துவிட்டது. பிள்ளை மூன்றாம் நாள் பிறந்தது, 810 கிராம். பதினொரு கிழமை இன்குபேற்றரில் கிடந்து தப்பியது.

இன்னொன்று. இந்த அளவை எடுக்கும் ஸ்கான் வயிற்றின் மேலால் செய்வதல்ல, யோனிக்குள்ளால் செய்வது. இதைக் கணவரையோ மைத்துனரையோ கொண்டு விளங்கப்படுத்துவது எப்படி? 'ஏதோ ஸ்கானாம்' என்று முடிந்துவிடும். மேசையில் ஏறிய பிறகுதான் அவளுக்குத் தெரியவரும். அடுத்தமுறை அவள் போகமாட்டாள். வைத்தியர் 'ஒத்துழைப்பில்லை' என்று எழுதுவார்.

நோவு வந்தபின் நடப்பவை பற்றி. முதலில் கணக்கு. நாம் மாதத்தில் எண்ணுகிறோம். இவர்கள் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து கிழமையும் நாளுமாக எண்ணுகிறார்கள். '28+3' என்றால் 28 கிழமைகளும் மூன்று நாட்களும். 'ஏழாம் மாதப் பிள்ளை தப்பும், எட்டாம் மாதப் பிள்ளை தப்பாது' என்று இன்றும் படித்தவர்கள் வாயிலேயே கேட்கிறேன். அது முழுப் பிழை. வயிற்றிலிருக்கும் ஒவ்வொரு கிழமையும் பிள்ளைக்கு இலாபம். இங்கே 24 கிழமை நிறைந்தால் பொதுவில் பிள்ளையைக் காப்பாற்ற முனைவார்கள். 22க்கும் 24க்கும் இடையில் என்ன செய்வதென்பதைப் பெற்றோருடன் பேசித்தான் முடிவெடுக்கிறார்கள். மனிதருக்கு வரக்கூடிய மிகக் கடினமான உரையாடல்களில் ஒன்று அது. அதைப் பத்து வயதுப் பிள்ளையின் வாயால் நடத்துவதை நினைத்துப் பாருங்கள்.

நோவென்று வந்து படுப்பவர்களில் பத்தில் ஒருவருக்கும் குறைவானவர்களே ஏழு நாட்களுக்குள் பெறுகிறார்கள். அந்தச் சிலருக்காகவே அவசரம். பிள்ளையின் நுரையீரல் முதிர்வதற்குத் தாய்க்கு 24 மணி நேர இடைவெளியில் இரண்டு பெற்றாமெதசோன் ஊசி போடுகிறார்கள். நியூசிலாந்தில் லிக்கின்ஸ் ஆடுகளில் செய்த ஆய்விலிருந்து பிறந்து, அவரும் ஹோவியும் 1972இல் வெளியிட்ட சிகிச்சை இது. உலகம் அதை முழுமையாக ஏற்க மேலும் இருபது வருடங்களாயின. அந்த இருபது வருடங்களில் வீணாக இறந்த குழந்தைகளின் கணக்கு மருத்துவ வரலாற்றின் வெட்கங்களில் ஒன்று. நோவை அடக்கும் மருந்து கர்ப்பத்தை ஒன்பது மாதம்வரை இழுத்துச் செல்வதற்கல்ல; இந்த ஊசி வேலை செய்யவும், மிகச் சிறிய பிள்ளைகளைப் பராமரிக்கும் 'லெவல் 1' நிலையத்துக்குத் தாயை மாற்றவும் தேவையான 48 மணி நேரத்தை வாங்குவதற்கு. இதை விளக்காவிட்டால், இரண்டாம் நாள் மருந்தை நிறுத்தும்போது 'எங்களைக் கைவிட்டுவிட்டார்கள், வெளிநாட்டுக்காரர் என்றபடியால்தான்' என்று குடும்பம் கொதிக்கும். பலமுறை கண்டிருக்கிறேன். நிறவெறி இங்கே இல்லையென்று சொல்லவரவில்லை. அது இருக்கும் இடம் இதுவல்ல.

1996இல் எனது இரண்டாவது கர்ப்பத்தில் நிலைமை வேறு. முதற் பிள்ளை 30 கிழமையில் பிறந்திருந்ததால், 25வது கிழமையில் நோவு தொடங்கியதும் ஆறு கிழமை படுக்கையில் வைத்து ஃபெனோற்றரோல் ஏற்றினார்கள். இதயம் குதிரை ஓடுவதுபோல ஓடும், கரண்டி பிடிக்கமுடியாமல் கை நடுங்கும். ஏன் இவ்வளவு நாளென்று கேட்டேன். காலைச் சுற்றில் வந்த பெரிய வைத்தியர் எனக்குப் பதில் சொல்லாமல் பக்கத்திலிருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு அப்போதே டொச் தெரியும், அது அவருக்குத் தெரியாது. அந்த மருந்தின் ஊசி வடிவத்தை 48 மணி நேரத்துக்கு மேல் கொடுக்கக்கூடாதென்றும், மாத்திரையை இதற்குப் பாவிக்கவே கூடாதென்றும் ஐரோப்பிய மருந்து நிறுவனம் 2013இல் கட்டுப்படுத்தியது. நெடுநாள் படுக்கையும் குறைமாதப் பேற்றைத் தடுக்குமென்பதற்கு ஆதாரமில்லை. இரத்தம் கட்டும், தசை கரையும். ஆனால் நமது மாமிமார் இன்னும் 'அசையாமல் கிட பிள்ளை' என்றுதான் சொல்கிறார்கள். அவர்களைக் குறைசொல்ல முடியாது, பெரிய வைத்தியரும் அதையேதான் சொன்னார்.

2013இல் நோயாளர் உரிமைச் சட்டம் வந்தது. வைத்தியர் சிகிச்சையை நோயாளிக்கு வாய்மொழியாக, அவருக்கு விளங்கும் வகையில் விளக்கவேண்டும் என்கிறது அது. விளங்கும் வகையில் என்றால் விளங்கும் மொழியில். ஆனால் மொழிபெயர்ப்பாளருக்கான செலவைப் பொது மருத்துவக் காப்புறுதி ஏற்பதில்லை, சைகைமொழிக்கு மட்டும் ஏற்கிறது. சட்டம் ஒரு கையால் கொடுத்ததை மறுகை பிடித்துவைத்திருக்கிறது. அகதி விண்ணப்பம் முடியாதவர்கள் சோசலில் எழுத்தில் கேட்கலாம், சிலவேளை கிடைக்கும். 1993இன் அகதி உதவிச் சட்டம் வைத்தியத்தை அவசர நோய்க்கும் வலிக்கும் சுருக்கினாலும், கர்ப்பிணிகளுக்கான மருத்துவம், மருத்துவிச்சி, மருந்து ஆகியவற்றைச் சுருக்கவில்லை. இதைச் சோசலிலுள்ளவருக்கே சொல்லிக்கொடுக்கவேண்டிய சந்தர்ப்பங்களும் உண்டு. வைத்தியசாலைகள் பலவற்றில் தொலைபேசியில் மொழிபெயர்ப்பவர்கள் இருக்கிறார்கள். கேட்டால்தான் எடுப்பார்கள்.

'கணவன் கூட வருவது அன்பில்லையா, அதையும் ஆணாதிக்கம் என்பீர்களா?' என்று ஒரு நண்பர் கேட்டார். வரட்டும். கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருக்கட்டும். நாக்காக இருக்கவேண்டாம். மனைவியின் முந்திய கருக்கலைப்பு அவருக்குத் தெரியாமல் இருக்கலாம், தெரியக்கூடாததாகவும் இருக்கலாம். வரலாறு கேட்கும் அந்தப் பத்து நிமிடமாவது அவள் தனியே இருக்கவேண்டும். மொழிபெயர்ப்பவரும் நமது சனமென்றால், கேட்டது அடுத்த கோயில் திருவிழாவுக்குப் போய்ச்சேராது என்ற நம்பிக்கை அவளுக்கு வரவேண்டும். இந்த இடத்தில் நமது சமூகம் மிக மோசமான சமூகம்.

வீட்டு வேலை பற்றியும் ஒரு சொல். கர்ப்பத்தால் வீட்டைப் பார்க்க முடியாதவளுக்கு, வீட்டில் வேறெவரும் செய்ய முடியாத நிலையில், உதவிக்கு ஆளைக் காப்புறுதி தருகிறது. வைத்தியரின் கடிதம் போதும். நம்மவர்கள் இதைக் கேட்பதேயில்லை, அந்நியப் பெண் குசினிக்குள் வருவாளாம். குறைமாதத்தில் பெற்றவளுக்குப் பேற்றுக்குப் பின்னான விடுமுறை எட்டுக் கிழமையல்ல, பன்னிரண்டு. பேற்றுக்கு முன் எடுக்காமல் போன நாட்களும் அதனுடன் சேரும்.

இப்போது நமது மகள்மார் பெறுகிறார்கள். அவர்களுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. ஆனால் குறைமாதத்தில் பிறந்த பெண்ணுக்குத் தானும் குறைமாதத்தில் பெறும் வாய்ப்பு ஓரளவு கூட என்பதால், நீ எத்தனை கிழமையில் பிறந்தாய் என்று அவளிடம் கேட்கலாம். பலருக்குத் தெரியாது. தாய் சொல்லவில்லை, தாயிடம் யாரும் கேட்கவுமில்லை. பழைய முற்றர்பாஸ்களையும், ஊரில் பெற்றவர்கள் கிளினிக் அட்டைகளையும், வைத்தியசாலை கொடுத்த கடிதங்களையும் எறியாமல் வைத்திருங்கள். கடிதம் தராவிட்டால் பிரதி கேட்டு வாங்கலாம், அது உரிமை. கிழமை, நிறை, ஊசி போட்டார்களா, தண்ணீர்க்குடம் தானாக உடைந்ததா, நோவு முந்தியதா என்பதெல்லாம் அவற்றில் இருக்கும்.