கல்லிலே ஒரு கல்யாணக் கதை

சரித்திர நாவல் என்றதும் நமது மனக்கண் முன் என்னென்ன வந்து நிற்கின்றன? கோட்டை கொத்தளங்கள், குதிரை வீரர்கள், பூரண சந்திரன், தூணுக்குப் பின்னால் ஒளிந்து நிற்கும் ஒற்றன். இவ்வளவுக்கும் நடுவே ஒரு காதல். பெரும்பாலும் அந்தக் காதல் கல்யாணத்தில் முடியும். இல்லாவிட்டால் தியாகத்தில் முடியும். மாலை மாற்றியானதும் ஆசிரியர் பேனாவைக் கீழே வைத்துவிடுவார். மறுநாள் பொழுது விடிந்ததும் புக்ககத்தில் அந்தப் பெண்ணின் பாடு என்னவாயிற்று என்று யாரும் கேட்பதில்லை!

1944 முதல் 1946 வரை தொடர்கதையாக வெளிவந்த கல்கியின் ‘சிவகாமியின் சபத’த்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மாமல்லரும் சிவகாமியும் ஆண்டுக் கணக்கில் ஒருவரை ஒருவர் எண்ணி உருகுகிறார்கள். முடிவில் சிவகாமி ஏகாம்பரநாதருக்கே தன்னை அர்ப்பணம் செய்துகொள்கிறாள். அவளுக்காக நாம் கண்ணீர் விடுகிறோம். மாமல்லர் மணந்துகொண்ட பாண்டிய குமாரியின் இல்லறத்தைப் பற்றி நினைத்துப் பார்க்கிறோமா?

அரசர் வீட்டுக் காதலுக்குக் காஞ்சி இருக்கிறது. சாதாரணக் குடும்பத்தின் தாம்பத்தியக் கதைக்கு எங்கே போவது? காஞ்சிக்குத் தெற்கே உள்ள உத்தரமேரூருக்குத்தான் போகவேண்டும். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயிலில் முதற் பராந்தக சோழன் காலத்துச் சாசனங்கள் இரண்டு இருக்கின்றன. அவற்றின் காலம் கி.பி. 919, 921. குடவோலை முறையைக் கூறும் சாசனங்கள் என்று நம் குழந்தைகள் பள்ளியில் படிப்பவை இவைதாம்.

ஊரில் முப்பது குடும்புகள். ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இடுவார்கள். ஒன்றும் அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுப்பான். இறை செலுத்தும் கால் வேலி நிலம், சொந்த மனையில் வீடு, முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் வயது, வேதப் படிப்பு ஆகியவை தகுதிகள். இது அந்தணர் சபை. ஊரில் உழுதவர்களுக்கும் பெண்களுக்கும் அதில் இடமில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

நமது கதை அடுத்த விதியிலே இருக்கிறது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்தில் இடக்கூடாது. அவன் பெயரை மட்டுமா? அவனுடைய தகப்பன், மகன், சகோதரன், அத்தை மக்கள், மாமன் மக்கள், பெண் கொடுத்த மாமனார், மைத்துனன், மருமகன், சகோதரியின் கணவன், அவள் பிள்ளைகள் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது! சாசனத்தில் அந்தப் பெண்களின் பெயர் ஒன்றுகூட இல்லை. ஆனால் அத்தனை உறவுக்கும் முடிச்சாக இருப்பவர்கள் அவர்களே.

இப்பொழுது ஒரு வீட்டைக் கற்பனை செய்து பாருங்கள். கணவனுக்குத் தகுந்த வயது வந்துவிட்டது. தன் பெயர் குடத்தில் விழும் நாளை எதிர்நோக்கியிருக்கிறான். அச்சமயம் மனைவியின் தமையன் ஏரி வாரியத்துக் கணக்கைக் காட்டாமல் இருந்துவிடுகிறான். கணவனுக்கு இடமில்லை, அவர்கள் பிள்ளைகளுக்கும் இடமில்லை. மாமியார் வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த மௌனந்தான் அவளைச் சுடுகிறது. இலையில் சோற்றைப் பரிமாறும்போது அவள் கை நடுங்குகிறது. கணவனோ, “மோர் இருக்கிறதா?” என்று மட்டுமே கேட்கிறான். மறுநாள் இருட்டும் நேரத்தில் மைத்துனன் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து, விளக்கைத் தூண்டிவிட்டு, “ஓலைகளை எடு, இருவருமாகப் பார்ப்போம்” என்கிறான். வீடு திரும்ப நடுநிசி ஆகிறது. அவள் உண்ணாமல் விழித்திருக்கிறாள்.

விவாகமாகிப் பத்து வருஷத்துக்குப் பிறகு காதல் பிறக்கும் இடம் இதுதான் என்று சொன்னால், குடும்பம் நடத்தும் நேயர்கள் மறுக்கமாட்டார்கள். போர்க்களமும் நிலவும் வேண்டியதில்லை. ஒருவர் வீட்டு அவமானத்தை மற்றவர் தம்முடையதாக ஏற்கும் ஓர் இரவு போதும்.

இன்று தமிழ்நாட்டு உள்ளாட்சி மன்றங்களில் சரிபாதி இடங்கள் பெண்களுக்கு. அக்காலத்துச் சாசனம் பெயர் சொல்லாமல் விட்ட பெண்ணின் கதையை எழுத இதைவிட நல்ல காலம் எது? உத்தரமேரூர்க் கல் ஆயிரத்து நூறு வருஷங்களாகக் காத்திருக்கிறது. எழுதப் போகிறவர் யார்?