காசு கொடுத்து வாங்கிய கோப்பு திறக்கவில்லையா?

(பத்தாம் வகுப்பு, ‘அ’ பிரிவு)



‘ஆற்றில் போட்டாலும் அளந்து போடு’ என்பது நம் பாட்டிமார் அடிக்கடி சொல்லும் பழமொழி. போடுவதை மட்டுமல்ல, வாங்குவதையும் அளந்து பார்க்க வேண்டும் என்று இவ்வாண்டு நாங்கள் கற்றுக்கொண்டோம். அதை எப்படிக் கற்றோம் என்பதைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

காலாண்டுத் தேர்வு விடுமுறையில் நாங்கள் நால்வர் சேர்ந்து இணையக் கடை ஒன்றில் ஆங்கில இலக்கண நூல் ஒன்றை மின்னூலாக வாங்கினோம். விலை 240 ரூபாய். ஆளுக்கு 60 ரூபாய். அருப்புக்கோட்டையில் தறிச் சத்தம் கேட்கும் தெருக்களில் வளர்ந்தவர்களுக்கு 60 ரூபாயின் அருமை தெரியும். எங்களுள் ஒருத்தி திருச்சுழிப் பக்கத்துக் கிராமத்துப் பெண். அவள் அண்ணனின் கைப்பேசியில்தான் பணம் கட்டினோம். பணம் போய்ச் சேர்ந்தது, கோப்பும் வந்தது. ஆனால் தொட்டால், ‘இக்கோப்பைத் திறக்க இயலவில்லை’ என்ற வரிதான் தோன்றியது.

“என்ன தாயி, துட்டும் போச்சு, புத்தகமும் போச்சா?” என்று அவள் அம்மா கேட்டார்கள். அது பரவாயில்லை. நாங்கள் மூவரும் செய்ததுதான் தவறு. அவள் எதையோ அழுத்திக் கெடுத்துவிட்டாள் என்று எண்ணி, இரண்டு நாள் அவளோடு பேசாமல் இருந்தோம். அவள் மதிய உணவைத் தனியே அமர்ந்து உண்டாள்.

மூன்றாம் நாள் எங்கள் கணிப்பொறி ஆசிரியை விஷயம் அறிந்து இரண்டே கேள்விகள் கேட்டார்கள். “கோப்பின் அளவு என்ன? பெயரின் கடைசியில் என்ன வால் இருக்கிறது?” நால்வரும் விழித்தோம். ஒருவரும் அதைப் பார்க்கவே இல்லை! மறுநாள் எங்கள் தோழி தன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்து வந்தாள்: ‘2 கிலோபைட், ஏ.சி.எஸ்.எம்.’ ஆசிரியை சிரித்துவிட்டு, “உங்களிடம் இருப்பது புத்தகம் அல்ல, புத்தகத்தை வாங்கிக்கொள்ளும் சீட்டு. சீட்டைக் கிழித்துப் பார்த்தால் கதை தெரியுமா?” என்றார்கள்.

பிறகு அவர்கள் சொன்னதை நாங்கள் மறக்கவே மாட்டோம். “நம் ஊர் வானம் பார்த்த பூமி. மழை பெய்தும் கண்மாய்க்குத் தண்ணீர் வரவில்லை என்றால் கண்மாயைத் திட்டிப் பயன் உண்டா? வரத்துக்கால் நெடுக நடந்து எங்கே உடைப்பு, எங்கே அடைப்பு என்று பார்க்க வேண்டும். இதுவும் அப்படித்தான்.” அந்த வரத்துக்காலில் நாமும் நடப்போம், வாருங்கள்.

1. முழுதும் வந்து சேர்ந்ததா?

முதலில் கோப்பின் அளவைப் பாருங்கள். கடையின் பக்கத்தில் 8 மெகாபைட் என்று போட்டிருந்து, நம்மிடம் 3 மெகாபைட் மட்டுமே இருந்தால், பாதிக் குடம்தான் நிரம்பியிருக்கிறது. நடுவில் சிக்னல் போயிருக்கலாம். கைப்பேசியில் இடம் இல்லாமலும் போயிருக்கலாம். கணிப்பொறியில் குரோம் உலாவியில் இறக்கினால், முடியாத கோப்பின் பெயரில் ‘சி.ஆர்.டவுன்லோட்’ என்ற வால் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த வாலை மட்டும் மாற்றி எழுதினால் மீதிப் பக்கங்கள் வந்துவிடா. அரைகுறைக் கோப்பை அழித்துவிட்டு, இடம் ஒழித்து, சிக்னல் நன்றாக உள்ள இடத்தில் மீண்டும் இறக்க வேண்டும். அதற்காக மீண்டும் பணம் கட்டத் தேவையில்லை. கடையில் நம் கணக்கில் ‘வாங்கியவை’ என்ற பகுதியில் அது இருக்கும். ஆனால் சில கடைகள் இத்தனை முறை, இத்தனை நாள் என்று வரம்பு வைத்திருக்கும். ஆகவே பொறுமையின்றிப் பத்து முறை அழுத்தக் கூடாது.

2. திறக்கும் செயலி உண்டா?

பெயரின் வால்தான் கோப்பின் குலம் கோத்திரத்தைச் சொல்லும். பி.டி.எஃப். என்றால் பெரும்பாலான கைப்பேசிகளில் திறக்கும். இ-பப் என்றால் மின்னூல் படிக்கும் செயலி வேண்டும். ஜிப் என்றால் கட்டிய மூட்டை; அதை அவிழ்த்த பிறகே உள்ளே இருப்பதைப் படிக்கலாம். எங்களுக்கு வந்த ஏ.சி.எஸ்.எம். என்பது சீட்டு. அடோபி டிஜிட்டல் எடிஷன்ஸ் போன்ற செயலியில் ஒரு கணக்குத் தொடங்கி, அதில் அச்சீட்டைக் கொடுத்தால், அது உண்மையான நூலைக் கொண்டுவந்து சேர்க்கும்.

3. எழுத்துப் புரிகிறதா?

சில கோப்புகள் திறக்கும். ஆனால் தமிழுக்குப் பதில் ஏதோ கிறுக்கல் தெரியும். இது கெட்டுப்போன கோப்பு அன்று. முன்பு தமிழைக் கணிப்பொறியில் எழுதப் பற்பல முறைகள் இருந்தன. எடுத்துக்காட்டாக, பாமினி எழுத்துருவில் அடித்த ‘அம்மா’ என்ற சொல், அவ்வெழுத்துரு இல்லாத இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். இக்குழப்பத்தைத் தீர்க்க 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டில் பொதுக் குறிமுறை வகுக்கப்பட்டது. பின்னர் 2010-இல் தமிழக அரசு யுனிகோடு முறையை ஏற்றது. யுனிகோடில் ஒவ்வோர் எழுத்துக்கும் உலகம் முழுதும் ஒரே எண். நம் ‘க’வின் எண் 2965. எனவே பழைய கோப்பு கிறுக்கலாகத் தெரிந்தால், அதற்குரிய எழுத்துருவை நிறுவலாம். அல்லது யுனிகோடுக்கு மாற்றும் கருவியில் இட்டு மாற்றலாம்.

4. பூட்டு இருக்கிறதா?

கடவுச்சொல் கேட்டால், பணம் கட்டியதும் வந்த மின்னஞ்சலையோ குறுஞ்செய்தியையோ பாருங்கள். பெரும்பாலும் அதிலேயே இருக்கும். மின் ஆதார் கோப்புக்குப் பெயரின் முதல் நான்கு ஆங்கிலப் பெரிய எழுத்துகளும் பிறந்த ஆண்டும் சேர்ந்ததே கடவுச்சொல் என்பது பெற்றோர் பலர் அறிந்ததே. பதிவுத்துறையில் கட்டணம் செலுத்திப் பெறும் வில்லங்கச் சான்றைக் கணிப்பொறியில் திறந்தால், கையொப்பத்தின் மேல் கேள்விக்குறி தெரிவதுண்டு. அதனால் மட்டும் சான்று போலி என்று அஞ்ச வேண்டா. அந்த மின் கையொப்பத்தை நம் கணிப்பொறி இன்னும் சரிபார்க்கவில்லை என்பதே அதன் பொருள்.

மின்னூல்களில் வேறொரு பூட்டும் உண்டு. வாங்கியவரின் கணக்கில் மட்டுமே நூல் திறக்கும். நாங்கள்கூட முதலில் ஆளுக்கொரு பிரதி அனுப்பிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தோம். அது முடியாது, முறையும் அன்று. நாம் வாங்குவது பெரும்பாலும் படிக்கும் உரிமையை மட்டுமே. 2009-இல் அமேசான் நிறுவனம், விற்ற கடையாருக்கு உரிமை இல்லை என்று கண்டு, ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய நூல்களை வாங்கியவர்களின் கருவிகளிலிருந்தே நீக்கிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. அச்செயல் தவறு என்று பின்னர் வருத்தமும் தெரிவித்தது. 2019-இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது, அங்கே வாங்கிய நூல்கள் திறக்காமல் போயின. பணம் திருப்பித் தரப்பட்டது. அலமாரியில் உள்ள அச்சு நூலை யாரும் இப்படி எடுத்துச் செல்ல முடியாது அல்லவா?

5. யாரிடம் கேட்பது?

இவ்வளவும் பார்த்த பின்னும் திறக்கவில்லை என்றால், விற்றவருக்கே எழுத வேண்டும். வாங்கிய எண், தேதி, கோப்பின் பெயர், அளவு, திரையில் தெரிந்த சொற்கள் ஆகிய ஐந்தையும் குறிப்பிட்டால் பதில் விரைவில் வரும். ‘திறக்கவில்லை’ என்று மட்டும் எழுதினால் அவர்கள் திரும்பவும் கேள்விதான் கேட்பார்கள். பதிலே வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். தேடும்போது கண்ணில் படும் ஏதோ ஓர் எண்ணை அழைத்து, ஒருமுறைக் கடவுச்சொல்லை மட்டும் சொல்லிவிடக் கூடாது. அப்படி யாரேனும் ஏமாற்றிப் பணம் பறித்தால் உடனே 1930-ஐ அழைக்க வேண்டும்.

வாங்கும் முன்பே மூன்று கேட்டுக்கொள்ளுங்கள்: கோப்பின் வகை என்ன? நம் கைப்பேசியில் திறக்குமா? எத்தனை முறை இறக்கலாம்? விலையில்லாமல் கிடைக்கிறதா என்றும் பாருங்கள். 1998-ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்கள் பலவற்றை யாவரும் படிக்க இணையத்தில் தந்திருக்கிறது.

அன்று மாலையே எங்கள் தோழி தன் அண்ணனின் கைப்பேசியில் அச்செயலியை நிறுவி, சீட்டைக் கொடுத்தாள். சற்று நேரத்தில் இலக்கண நூல் முழுதும் வந்துவிட்டது! அவள் எதையும் கெடுக்கவில்லை. நாங்கள் மூவரும் அவளிடம் மன்னிப்புக் கேட்டோம். இப்போது ஞாயிறு தோறும் பேருந்தேறி அவள் வீட்டுக்குப் போய், திண்ணையில் ஒரே கைப்பேசியைச் சுற்றி அமர்ந்து படிக்கிறோம். அவள் அம்மா அவித்த கடலை தருவார்கள்.

240 ரூபாய் திரும்பி வந்தது என்றே சொல்லலாம். ஆனால் அவள் தனியே உண்ட அந்த இரண்டு மதியங்களை எந்தக் கடையிலும் திரும்ப வாங்க முடியாது. ஆகவே, தோழியரே! கோப்பு திறக்கவில்லை என்றால் முதலில் அளவைப் பாருங்கள், வாலைப் பாருங்கள், வரத்துக்கால் நெடுக நடந்து பாருங்கள். அதற்கு முன் தோழிமேல் மட்டும் பழி போடாதீர்கள்.