குதிக்கும் முன் காற்றைப் பாருங்கள்!

கனடாவின் வான்கூவர் நகரத்துக்கு வடக்கே, கடல் கால்வாயைத் தாண்டினால் சைப்ரஸ், ஃப்ரோம், சீமோர் என்று மூன்று மலைகள். இந்தப் பகுதிக்குப் பெயர் நார்த் ஷோர். மழை ஓயாத காடு. பாதையெங்கும் வேர்கள் புடைத்துக் கிடக்கும். இடையில் கணுக்கால் புதையும் சேறு. 1990களில் இங்கே சைக்கிள் ஓட்டியவர்கள், விழுந்து கிடந்த செடார் மரங்களைப் பிளந்து சேற்றின் மேல் ஏணிப் பாலங்கள் போட்டார்கள். சேற்றைத் தாண்டத்தான் பாலம். ஆனால் ஆட்களுக்கு ஆசை விடவில்லை. பாலம் ஆள் உயரத்துக்கு ஏறியது, ஒரு சாண் அகலத்துக்குக் குறுகியது, கடைசியில் இறங்க வழியே இல்லாமல் அந்தரத்தில் முடிந்தது. குதித்துத்தான் தீர வேண்டும். 'டிக்கர்' என்று அழைக்கப்படும் டாட் ஃபியாண்டர், 'டேஞ்சரஸ்' டான் கோவன் போன்றவர்களின் கைவேலை இது. ஃப்ரீரைட் என்ற சைக்கிள் ஓட்டம் வளர்ந்தது இந்தக் காட்டிலும், அதே மாகாணத்தில் கேம்லூப்ஸ் ஊரின் காய்ந்த மண்சரிவுகளிலும்தான். அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த வேட் சிம்மன்ஸ்தான் 2001இல் அமெரிக்காவின் யூட்டாவில் நடந்த முதல் ரெட் புல் ராம்பேஜ் போட்டியில் வென்றவர்.

தொடக்கத்தில் இந்த ஓட்டத்துக்கென்று தனி வண்டி கிடையாது. இருந்த மலைச் சைக்கிளை வைத்துக் குதித்தார்கள். ஃபோர்க் வளைந்தது, ரிம் நசுங்கியது, ஃபிரேமின் கழுத்தில் விரிசல் விட்டது. எது உடைந்ததோ அதை இன்னும் தடிமனாகப் போட்டார்கள். இன்று கடையில் நிற்கும் ஃப்ரீரைட் சைக்கிள் அப்படித்தான் உருவானது. முன் ஃபோர்க் 170, 180 மில்லிமீட்டர் வரை அமுங்கும். பின் சக்கரமும் ஏறக்குறைய அவ்வளவு மேலெழும். ஹேண்டில்பார் 800 மில்லிமீட்டர் அகலம். தலைக்குழாய் 63, 64 டிகிரியில் நன்றாகச் சாய்ந்திருப்பதால், செங்குத்தான இறக்கத்திலும் ஓட்டுபவர் தலைகுப்புறப் போகாமல் முன் சக்கரம் காக்கும்.

இவ்வளவும் செய்து கொடுத்த வண்டியை வாங்கிய மறுநாளே "என்ன மாற்றலாம்?" என்று கிளம்புகிறவர்கள்தான் அதிகம். உடனே எதையும் மாற்ற வேண்டாம் என்பது என் கட்சி. முதலில் வேண்டியது ஒரு ஷாக் பம்பும் ஒரு ஸ்கேலும்தான்.

காரணம் எளிது. 60 கிலோ ஆளும் 95 கிலோ ஆளும் ஒரே வண்டியைத்தான் வாங்குகிறார்கள். யார் எடைக்கும் அது தயாராக இருப்பதில்லை. ஹெல்மெட், முழங்கால் கவசம், தண்ணீர்ப் பை எல்லாவற்றோடும் ஏறி, ஒருவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் பெடல் மேல் எழுந்து நில்லுங்கள். ஷாக் தண்டில் இருக்கும் ரப்பர் வளையத்தை, தண்டு உள்ளே நுழையும் சீல் விளிம்பு வரை தள்ளிவிட்டு, குலுக்காமல் இறங்குங்கள். வளையம் நகர்ந்த தூரம்தான் உங்கள் எடைக்கு ஷாக் அமிழும் அளவு. பின்புறம் 30 சதவீதம் வரை அமிழலாம். ஷாக்கின் மொத்த ஓட்டம் 60 மில்லிமீட்டர் என்றால் 18. முன் ஃபோர்க்குக்கு 20 சதவீதம் போதும், 170க்கு 34. கூடுதலாக அமிழ்ந்தால் காற்று ஏற்றுங்கள், குறைவாக அமிழ்ந்தால் இறக்குங்கள். காற்றுக்குப் பதில் கம்பிச்சுருள் இருக்கும் ஷாக் என்றால் சுருளையே மாற்ற வேண்டும். முறுக்கும் வளையத்தை இறுக்கிச் சமாளிப்பது கதைக்கு உதவாது.

அடுத்தது ரீபௌண்ட் திருகு. அமுங்கிய ஷாக் எவ்வளவு வேகமாகத் திரும்பி எழ வேண்டும் என்பதை அது தீர்மானிக்கிறது. மிக வேகமாக எழுந்தால், மேட்டிலிருந்து கிளம்பும்போது பின் சக்கரம் ஆளை முன்னால் தூக்கி எறியும். மிக மெதுவாக எழுந்தால், அடுத்தடுத்து வரும் வேர்களில் ஷாக் மேலே வர நேரமின்றி அமுங்கியே கிடக்கும்; பாதி வழியில் வண்டி மரக்கட்டையாகிவிடும். முழுக்க மூடி, கிளிக் எண்ணிக்கொண்டே திறந்து, ஒரே இறக்கத்தில் திரும்பத் திரும்ப ஓட்டிப் பாருங்கள். எண்ணை எங்காவது எழுதி வையுங்கள். அமிழும் அளவு சரியாக இருந்தும் உயரத்திலிருந்து குதிக்கையில் ஷாக் அடியில் 'டங்'கென்று இடித்தால், காற்றை ஏற்றிவிடாதீர்கள். உள்ளே காற்றறையைச் சிறிதாக்கும் பிளாஸ்டிக் துண்டு ஒன்றைச் சேர்த்தால் போதும். விலையும் சொற்பம்.

இனி காசு செலவழிக்கும் இடம். முகத்தையும் மூடும் ஹெல்மெட், முழங்கால் கவசம் இரண்டும் வண்டியின் விலையிலேயே சேர்ந்தவை என்று வைத்துக்கொள்ளுங்கள்; பேரம் கிடையாது. அதற்குப் பிறகு முதல் செலவு டயர். கடை வண்டிகளில் பல, எடையைக் குறைத்துக் காட்ட மெல்லிய டயரோடு வருகின்றன. பாறை விளிம்பில் ஒரு முறை இறங்கினால் பக்கச்சுவர் கிழியும். டவுன்ஹில் வகை டயர் ஒன்று ஒரு கிலோவுக்கு மேல் கனக்கும்; மேடேறும்போது திட்டுவீர்கள், இறங்கும்போது வாழ்த்துவீர்கள். ட்யூப் இல்லாமல், உள்ளே சீலன்ட் பால் ஊற்றி ஓட்டுவதுதான் இப்போது வழக்கம். 70 கிலோ ஆளுக்கு முன்னால் 23, பின்னால் 26 பிஎஸ்ஐ என்று ஆரம்பிக்கலாம். நம் தெருவில் டயரை அமுக்கிப் பார்த்துக் கல்லாக இருந்தால்தான் திருப்தி வரும். இங்கே அந்தப் பழக்கத்தை விட வேண்டும். கல் மாதிரி இருக்கும் டயர் ஈரமான வேரைப் பிடிக்காது.

இரண்டாவது பிரேக். நான்கு பிஸ்டன், 200 மில்லிமீட்டர் டிஸ்க். பலருக்கு வண்டியிலேயே இது இருக்கும். இருந்தும் "பிடிக்கவில்லை" என்பார்கள். புது பேடைப் பழக்காததுதான் பெரும்பாலும் காரணம். சமதரையில் வேகமெடுத்து, முழுக்க நிறுத்தாமல் நடை வேகத்துக்குக் குறைத்து, இருபது முறையாவது செய்தால் பேடும் டிஸ்க்கும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். ஆயில் மாற்றுகிறவர்கள் கவனிக்க: ஷிமானோவுக்கு மினரல் ஆயில், எஸ்ராமின் பல மாடல்களுக்கு டாட் திரவம். மாற்றி ஊற்றினால் உள்ளிருக்கும் ரப்பர் சீல்கள் உப்பிக் கெடும்.

புதுச் சக்கரத்தின் ஸ்போக்ஸ் கம்பிகள் முதல் சில ஓட்டங்களில் தளரும். கம்பிகளை இறுக்கிக் கோட்டம் எடுத்துவிட்டால் அந்த ரிம் பல காலம் உழைக்கும். அதைச் செய்யாமல் விலையுயர்ந்த சக்கரம் வாங்குவது வீண்.

எல்லோர் கண்ணும் போவது ராட்சத ஃபோர்க் மேல். தலைக்குழாய்க்குக் கீழும் மேலும் இரட்டைக் கிரௌனோடு, 200 மில்லிமீட்டர் ஓட்டத்தோடு. கம்பீரம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் 170க்கென்று செய்த ஃபிரேமில் அதை மாட்டினால், தலைக்குழாய் மேலும் சாய்ந்து முன்புறம் உயர்ந்து, திருப்பத்தில் முன் சக்கரம் பிடிமானத்தை இழக்கும். நீளமான ஃபோர்க் ஒவ்வொரு குதிப்பிலும் ஃபிரேமின் கழுத்தை நெம்பும். நார்த் ஷோர்க்காரர்களின் ஃபிரேம்களில் விரிசல் விட்ட அதே இடம். உற்பத்தியாளர் அனுமதித்த நீளத்தைத் தாண்டினால் வாரண்டியும் போகும். ஃபோர்க் சரியில்லை என்று தோன்றினால், கீழ்க்கால்களைக் கழற்றிச் சுத்தம் செய்து ஆயில் மாற்றிப் பாருங்கள். ராக்‌ஷாக்ஸ் இதை 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை செய்யச் சொல்கிறது. பலர் வருடக்கணக்கில் செய்வதில்லை.

பழைய வண்டி வாங்குவதில் தப்பில்லை. தலைக்குழாய் வெல்டிங்கையும் பின் ஷாக் பொருத்திய இடங்களையும் வெளிச்சத்தில் துடைத்துப் பாருங்கள்; பெயின்டில் மயிரிழை தெரிந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். புதிதோ பழையதோ, 1999இல் தொடங்கிய விஸ்லர் பைக் பார்க் போல லிஃப்டும் வாடகை வண்டியும் உள்ள இடத்துக்குப் போக முடிந்தால், வாங்குவதற்கு முன் ஒரு நாள் அங்கே ஓட்டிப் பார்த்துவிடுங்கள். வாடகைக் கடையில் வண்டியைத் தரும்போதே உங்கள் எடையைக் கேட்டு ஷாக்கைச் சரிசெய்து கொடுப்பார்கள். கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள்.