சயாமுக்குப் போனவரின் பேரப்பிள்ளைகள்

மலேசியத் தமிழ்க் குடும்பங்களில், இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் மலாயாவை ஆண்ட ‘ஜப்பான்காரன் காலம்’ பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வருவது மரவள்ளிக்கிழங்கு. அரிசி கிடைக்காமல் அதைத் தின்றுதான் உயிர் பிழைத்தார்கள். காவல் நின்ற சிப்பாய்க்குக் குனிந்து வணங்காதவன் அறை வாங்கியதும், வாழைமரம் அச்சடித்த நோட்டு போர் முடிந்ததும் வெறுங்காகிதமானதும் அடுத்தடுத்து வரும்.

ஒரு கதை மட்டும் பாதியில் நின்றுவிடும். சயாமுக்கு, அதாவது இன்றைய தாய்லாந்துக்கு, போன தாத்தாவின் கதை.

தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் ரயில் பாதையை ஜப்பானிய ராணுவம் 1943 அக்டோபரில் முடித்தது. அந்த வேலையில் 60,000-க்கு மேற்பட்ட நேச நாட்டுப் போர்க் கைதிகள் ஈடுபடுத்தப்பட்டார்கள். சுமார் 12,000 பேர் மாண்டார்கள். ஆசியத் தொழிலாளர்களோ அவர்களைப் போல் பல மடங்கு. மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து நல்ல கூலி என்று ஆசை காட்டியும், பிறகு வளைத்துப் பிடித்தும் தமிழர்களை ரயிலேற்றினார்கள். காலராவும் மலேரியாவும் பசியும் தின்றது போக மிச்சம் பேர்தான் திரும்பினார்கள். இறந்த ஆசியர்கள் 90,000 பேர் வரை இருக்கலாம் என்பது பரவலான மதிப்பீடு.

பிரிட்டிஷ் அதிகாரி எரிக் லோமாக்ஸும் அங்கே கைதியாக இருந்தவர். ரகசிய ரேடியோ பிடிபட்டதால் சித்திரவதைக்கு ஆளானார். விசாரணையில் கேட்ட மொழிபெயர்ப்பாளரின் குரல் அரை நூற்றாண்டு அவரைத் துரத்தியது. அந்த மொழிபெயர்ப்பாளர் நகாசே தகாஷியோ, போர் முடிந்த கையோடு கைதிகளின் கல்லறைகளைத் தேடும் குழுவுடன் காட்டுக்குள் அலைந்தவர். பிராயச்சித்தமாகத் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் புத்தர் கோயில் கட்டியவர். 1993-இல் அதே ஊரில் இருவரும் சந்தித்தார்கள். நகாசே அழுதார். லோமாக்ஸ் பின்னர் மன்னித்தார்.

தோட்டத் தொழிலாளியின் வீட்டுக்கு அப்படியொரு சந்திப்பு வாய்க்கவில்லை. யாரை மன்னிப்பது? முகமும் தெரியாது, பெயரும் தெரியாது. போதாததற்கு, அதே தோட்டங்களிலிருந்து நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர்களுக்கு ஜப்பான் தோழமை நாடு. பகை என்று ஒரே சொல்லில் அடக்க முடியாத நினைவு இது.

காலமும் மாறிவிட்டது. 1982-இல் மலேசியா ‘கிழக்கு நோக்கும் கொள்கை’யை அறிவித்து மாணவர்களை ஜப்பானுக்கு அனுப்பியது. 1985-இல் வந்த நாட்டின் முதல் தேசியக் கார் புரோட்டோன் சாகா, மிட்சுபிஷியின் தொழில்நுட்பத்தில் உருவானது. இன்றைய தலைமுறைக்கு ஜப்பான் என்றால் காரும் கார்ட்டூனும் வேலை வாய்ப்பும். அவர்களிடம் வன்மம் இல்லை. தாத்தா எங்கே புதைக்கப்பட்டார் என்ற கேள்வி மட்டும் தீரவில்லை.

காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் ஏறக்குறைய 7,000 வீரர்கள் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். இறந்தவர்களுக்காக 1944-இல் ஜப்பானிய ராணுவமே அந்த ஊரில் எழுப்பிய நினைவுத் தூணில் தமிழ் வாசகமும் இருக்கிறது. தொழிலாளர்களின் பெயர்கள்தான் இல்லை.

உங்கள் குடும்பத்தில் சயாமுக்குப் போனவர் உண்டென்றால், அவர் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் புறப்பட்ட ஆண்டையும் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு இன்றே எழுதி வையுங்கள்.