வெடிக்காமல் போன குண்டு

2001ஆம் ஆண்டின் இறுதியில், ஆப்கானிஸ்தானில் இடிந்து கிடந்த ஒரு வீட்டில் காணொளி நாடா ஒன்று கண்டெடுக்கப்பட்டது. அதில் பதிவாகியிருந்தது சிங்கப்பூரின் ஈசூன் எம்ஆர்டி நிலையம். நிலையத்திற்குச் செல்லும் நடைபாதை, மிதிவண்டி நிறுத்துமிடம், அங்கு நின்ற மோட்டார்சைக்கிள்கள் ஆகியவற்றை ஒருவர் நிதானமாகப் படம்பிடித்திருந்தார். குண்டை எங்கே மறைத்து வைக்கலாம் என்பதையும் அவர் குரல் பின்னணியில் விளக்கியது. நாள்தோறும் மாணவர்களும் வேலைக்குச் செல்வோரும் கடந்துபோகும் ஓர் இடம், ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் இலக்காகக் குறிக்கப்பட்டிருந்தது.

அந்த நாடா சிங்கப்பூருக்கு வந்து சேர்வதற்கு முன்பே உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை விசாரணையில் இறங்கியிருந்தது. அமெரிக்காவில் செப்டம்பர் 11ஆம் தேதி நடந்த தாக்குதலில் ஏறத்தாழ 3,000 பேர் மாண்டனர். அதற்குப் பின் சில நாள்களில், சிங்கப்பூர் முஸ்லிம் சமூகத்தைச் சேர்ந்த ஒருவர், தமக்குத் தெரிந்த ஓர் ஆடவருக்கு அல்காய்தாவுடன் தொடர்பு இருப்பதாக அதிகாரிகளிடம் தெரிவித்தார். அந்த ஒரு தகவலிலிருந்து தொடங்கிய விசாரணை, ஜெமா இஸ்லாமியா என்னும் அமைப்பின் கிளை இங்கு இயங்கிவந்ததை வெளிச்சத்திற்குக் கொண்டுவந்தது. டிசம்பர் மாதத்தில் 15 பேர் கைதாயினர். அவர்களில் 13 பேர் தடுப்புக் காவலில் வைக்கப்பட்டனர். வெளிநாட்டுத் தூதரகங்களை லாரி குண்டுகளால் தகர்க்கும் திட்டமும் அப்போது தெரியவந்தது.

பயங்கரவாதம் என்றால் என்ன? உலக நாடுகள் அனைத்தும் ஏற்றுக்கொண்ட ஒரே விளக்கம் இன்றுவரை இல்லை. ஒரு தரப்பு பயங்கரவாதி என்று சொல்பவரை இன்னொரு தரப்பு போராளி என்று அழைப்பதுண்டு. எனினும், அதன் முக்கியக் கூறு ஒன்றை எளிதில் இனங்காணலாம். பயங்கரவாதி தனக்கு எந்தத் தீங்கும் செய்யாத பொதுமக்களைத் தாக்குகிறான். அதைக் கண்டும் கேட்டும் அஞ்சும் மற்ற இலட்சக்கணக்கானோரே அவனுடைய உண்மையான இலக்கு. அவர்களுடைய அச்சத்தைப் பயன்படுத்தித் தன் அரசியல் அல்லது சமய நோக்கத்தை அடைய முயல்கிறான்.

சிங்கப்பூருக்கு இது புதிய அனுபவமன்று. 1965 மார்ச் 10ஆம் தேதி, ஆர்ச்சர்ட் ரோட்டில் உள்ள மெக்டொனால்டு ஹவுஸ் கட்டடத்தில் குண்டு வெடித்ததில் மூவர் உயிரிழந்தனர். 33 பேர் காயமுற்றனர். மலேசியா உருவானதை எதிர்த்து இந்தோனீசியா நடத்திய மோதலின்போது அந்நாட்டுப் படையினர் இருவர் அந்தக் குண்டை வைத்தனர். 1974இல் புலாவ் புக்கோம் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையைத் தாக்கிய நால்வர், 'லாஜு' என்ற படகின் ஊழியர்களைப் பிணை பிடித்தனர். பிணையாளிகளை விடுவிப்பதற்காக, சிங்கப்பூர் அதிகாரிகள் 13 பேர் தாங்களே உத்தரவாதமாக முன்வந்து, அந்த நால்வருடன் விமானத்தில் குவைத்துக்குச் சென்றனர். அந்தக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர், பின்னாளில் சிங்கப்பூரின் ஆறாவது அதிபரான எஸ்.ஆர்.நாதன்.

அந்த இரு தாக்குதல்களையும் நடத்தியவர்கள் வெளியிலிருந்து வந்தவர்கள். 2001இல் கைதானவர்களோ அண்டைவீட்டுக்காரர்கள். மக்களை அதிர வைத்ததும் அதுதான். வறுமையும் கல்வியின்மையும்தான் பயங்கரவாதத்திற்குக் காரணம் எனப் பலர் எண்ணுவது வழக்கம். உலகின் சில பகுதிகளில் அதில் உண்மை இருக்கலாம். ஆனால், இந்த வழக்கில் அந்த விளக்கம் பொருந்தவில்லை. கைதானவர்கள் பள்ளியில் படித்தவர்கள்; நிலையான வேலையில் இருந்தவர்கள்; பெரும்பாலோர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளுக்குச் சொந்தக்காரர்கள்.

அப்படியானால் அவர்கள் எவ்வாறு ஈர்க்கப்பட்டனர்? அரசாங்கம் 2003இல் வெளியிட்ட வெள்ளை அறிக்கை அதை விரிவாக விளக்குகிறது. தொடக்கம் ஒரு சாதாரண சமய வகுப்பு. உலகின் பல இடங்களில் முஸ்லிம்கள் படும் துன்பங்களை ஆசிரியர் அவ்வப்போது எடுத்துரைப்பார். அத்துன்பங்களில் பல உண்மையானவை. கேட்பவர் மனம் இளகுவதும் இயல்பே. வகுப்பு முடிந்தபின் தங்கியிருந்து மேலும் கேள்வி கேட்பவர்களை அவர் கவனித்துக்கொள்வார். நீண்ட காலப் பழக்கத்திற்குப் பிறகே, அவர்களுள் சிலரைத் தனியே பிரித்தெடுத்து அமைப்பில் சேர அழைப்பார். சேர்ந்தவர்கள் தலைவருக்குக் கட்டுப்படுவதாக உறுதிமொழி எடுக்க வேண்டும். அவர்களுக்கு மறைபெயர்கள் சூட்டப்படும். இரகசியத்தைக் காக்கும் பொறுப்பு, மற்றவர்களுக்குக் கிட்டாத ஓர் உண்மை தங்களுக்குக் கிட்டிவிட்டது என்ற பெருமையை அவர்களுக்குத் தந்தது. பிறர் துன்பத்தைக் கண்டு எழுந்த இரக்கம், படிப்படியாக வேறொருவர்மீதான வெறுப்பாக மாற்றப்பட்டது.

விளைவுகளுக்கு வருவோம். இதே ஜெமா இஸ்லாமியாவைச் சேர்ந்தவர்கள் 2002 அக்டோபர் 12ஆம் தேதி பாலித் தீவில் வைத்த குண்டுகளுக்கு 202 பேர் பலியாயினர். இறந்தவர்களில் ஆஸ்திரேலியர்கள் மட்டும் 88 பேர். இந்தோனீசியர்கள் 38 பேர். சுற்றுப்பயணிகள் வருவது சட்டென்று குறைந்ததால் தங்கும் விடுதிகள் வெறிச்சோடின. குண்டு வெடித்த இடத்தின் பக்கமே போகாத வாகன ஓட்டுநர்களும் மரச்சிற்பக் கைவினைஞர்களும் பிழைப்பை இழந்தனர்.

சிங்கப்பூரில் குண்டு வெடிக்கவில்லை. என்றாலும், விளைவு எதுவுமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. கைது பற்றிய செய்தி வெளியானதும் மலாய்-முஸ்லிம் குடும்பங்கள் பல சங்கடத்திற்கு உள்ளாயின. மின்தூக்கியில் உடன் வருபவர் தங்களைச் சந்தேகத்தோடு பார்க்கிறாரோ என்ற கேள்வி அவர்கள் மனத்தில் எழுந்தது. பல இனத்தவர் ஒரே தளத்தில் வாழும் நாட்டில், இத்தகைய சந்தேகம் பரவினால் பயங்கரவாதியின் வேலை பாதி முடிந்ததற்குச் சமம். தகவல் கொடுத்து உதவியவரே ஒரு முஸ்லிம் என்பது அப்போது எத்தனை பேருக்கு நினைவில் இருந்திருக்கும்?

அரசாங்கத்தின் நடவடிக்கைகளில் முதலாவது சட்டம் சார்ந்தது. உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் ஒருவரை நீதிமன்ற விசாரணையின்றி ஈராண்டு வரை தடுத்து வைக்கலாம். தேவைப்பட்டால் அதை நீட்டிக்கலாம். வெளிப்படையாக வழக்கு நடத்தினால் உளவுத் தகவல் தந்தவர்களின் உயிருக்கு ஆபத்து நேரலாம் என்பதும், குண்டு வெடித்தபின் தண்டிப்பதைவிட முன்கூட்டியே தடுப்பது மேல் என்பதும் இதை ஆதரிப்போரின் வாதம். குற்றம் மெய்ப்பிக்கப்படாமல் ஒருவரின் சுதந்திரத்தைப் பறிப்பது நியாயமா என்று மனித உரிமை ஆர்வலர்கள் கேட்கின்றனர். இந்தக் கேள்வியை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவரின் தலைமையில் இயங்கும் ஆலோசனை வாரியம் ஒவ்வொரு தடுப்பாணையையும் ஆராய வேண்டும் என்ற விதி இருப்பதும் இதனால்தான். இதே பெயர்கொண்ட சட்டத்தை மலேசியா 2012இல் நீக்கிவிட்டு, வேறு சட்டத்தைக் கொண்டுவந்தது.

ஆனால், தடுத்து வைக்கப்பட்டவரின் உடலைத்தான் சுவர் தடுக்கும். அவருடைய எண்ணம் அப்படியே இருக்கும். இதை உணர்ந்த இஸ்லாமிய அறிஞர்கள் சிலர் 2003இல் சமய மறுவாழ்வுக் குழுவைத் தொடங்கினர். அவர்கள் தொண்டூழியர்கள். தடுப்புக் காவலில் இருப்பவர்களைத் தனித்தனியே சந்தித்து, சமய நூல்கள் உண்மையில் என்ன சொல்கின்றன என்பதைப் பொறுமையாக விளக்கினர். இந்தப் பணி தொடக்கத்தில் கடினமாக இருந்தது. இவர்கள் அரசாங்கத்தின் ஆட்கள் என்றே காவலில் இருந்த சிலர் கருதினர். பேச்சு மாதக்கணக்கில், சிலரிடம் ஆண்டுக்கணக்கில், தொடர்ந்தது. மனைவியருக்கும் ஆலோசனை வழங்கப்பட்டது. பிள்ளைகளின் படிப்புக்கும் குடும்பச் செலவுக்கும் மெண்டாக்கி போன்ற சமூக அமைப்புகள் கைகொடுத்தன. தந்தையைப் பிரிந்து வாடும் பிள்ளை, அந்தக் கசப்போடு வளர்ந்து நாளை அதே பாதைக்குத் திரும்பிவிடக் கூடாது என்பதே இதன் நோக்கம். மனம் மாறியதாக மதிப்பிடப்பட்டவர்கள் படிப்படியாக விடுவிக்கப்பட்டுக் குடும்பத்தோடு சேர்ந்தனர்.

சமூகங்களுக்கு இடையே உள்ள நம்பிக்கையை வளர்க்க, 2002 முதல் ஒவ்வொரு தொகுதியிலும் இன, சமய நன்னம்பிக்கைக் குழுக்கள் அமைக்கப்பட்டன. தாக்குதல் நேர்ந்தால் பொதுமக்கள் என்ன செய்ய வேண்டும் என்பதைக் கற்பிக்கும் 'எஸ்ஜி செக்யூர்' இயக்கம் 2016இல் தொடங்கியது. 'ஓடு, ஒளிந்துகொள், தகவல் சொல்' என்ற அதன் அறிவுரையை எம்ஆர்டி நிலையங்களில் இன்றும் காணலாம்.

இதற்குள் பயங்கரவாதத்தின் வழி மாறிவிட்டது. ஆள் சேர்க்க இப்போது வகுப்பு வேண்டாம், கைப்பேசி போதும். 2019 மார்ச் 15ஆம் தேதி நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் வெள்ளை இனவெறியர் ஒருவர் இரண்டு பள்ளிவாசல்களில் சுட்டதில் 51 பேர் மாண்டனர். அவர் அதை இணையத்தில் நேரலையாக ஒளிபரப்பினார். அந்தப் படுகொலையால் ஈர்க்கப்பட்ட 16 வயது சிங்கப்பூர் மாணவர் ஒருவர், அதே தேதியில் இங்குள்ள இரண்டு பள்ளிவாசல்களைத் தாக்கத் திட்டமிட்டு, 2020 டிசம்பரில் தடுத்து வைக்கப்பட்டார். அவர் ஒரு கிறிஸ்துவர். எந்த அமைப்பிலும் சேராதவர். யாரும் அவரை நேரில் சந்தித்து மூளைச்சலவை செய்யவுமில்லை. ஈராண்டுகளுக்குப் பின் தடுத்து வைக்கப்பட்ட இன்னொரு மாணவருக்கு வயது 15.

2001இல் ஒருவருக்கு அல்காய்தாவுடன் தொடர்பு இருப்பதைப் பழக்கமான இன்னொருவர் அதிகாரிகளிடம் தெரிவித்தார். 2020இல் அந்த மாணவரின் மனத்தில் இருந்த வெறுப்பின் ஆழமும் அவருடைய திட்டமும் வீட்டில் இருந்தவர்களுக்கே தெரியவில்லை. சமய மறுவாழ்வுக் குழு முஸ்லிம்களுக்காக உருவாக்கிய அணுகுமுறையைப் பின்பற்றி, அவருக்கு ஆலோசனை வழங்கக் கிறிஸ்துவ ஆலோசகர் ஒருவர் ஏற்பாடு செய்யப்பட்டார். உளவியல் வல்லுநர்களும் அவரைச் சந்தித்தனர். தடுப்புக் காவலில் இருக்கும் இளையர்கள் பள்ளிப் படிப்பைத் தொடரவும் வழி செய்யப்பட்டுள்ளது.